வெந்தய மேடம் எண்ணிக்கை தப்பிய கதை

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எப்படி உழைத்தேன், எப்படி முன்னுக்கு வந்தேன் என்றெல்லாம் எழுதினால் நீங்கள் படிக்கப்போவதில்லை. எனக்கும் எழுத வராது. நான் முன்னுக்கு வந்ததைவிட முகம் குப்புற விழுந்ததுதான் அதிகம். அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

என்னைப் பற்றி உங்கள் காதில் யாராவது ஏற்கெனவே போட்டிருப்பார்கள். 'வெந்தய மேடம்.' முகத்துக்கு நேரே சொன்னாலும் எனக்குக் கோபம் வராது. ஒரு காலத்தில் அதைப் பட்டம்போலத் தலையில் வைத்துக்கொண்டு தூத்துக்குடி முழுக்கத் திரிந்தவள் நான். மீன் குழம்பில் தாளிக்கிற வெந்தயத்தை ஊற வைத்து, அரைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றை வைத்து உலகத்தையே திருத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் அடி நிறத்தில் விழுந்தது. ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனைக்கு ஒரு ஊதாக் கரைசல் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். நல்ல சத்து எதையாவது அதில் ஊற்றினால் ஊதா மங்கி மஞ்சளாகும். நான் வெந்தயச் சாற்றை ஊற்றினேன், மஞ்சளானது. கல்லூரி நாள் கண்காட்சியில் பெற்றோர்கள் முன்னால் அதைச் செய்து காட்டிக் கைதட்டு வாங்கினேன். கடைசியில் ஒரு மாணவி, பெயர் வேண்டாம், இப்போது பெரிய இடத்தில் இருக்கிறாள், கையிலிருந்த கேன்டீன் டீயில் ஒரு சொட்டை அந்த ஊதாவில் விட்டாள். வெந்தயத்தைவிடச் சீக்கிரமாக மஞ்சளானது. எங்கள் கேன்டீன் டீயை நீங்கள் குடித்திருக்கிறீர்கள். அதைக் குடித்து ஆயுள் கூடினவர் யாரும் இல்லை. எனக்கு அன்றைக்கே புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. "டீயிலும் சத்து இருக்கு, அதனால என்ன?" என்று அந்தப் பெண்ணின் வாயை அடைத்துவிட்டு, அடுத்த சோதனைக்குப் போனேன்.

அடுத்தது ரத்தம். வெந்தயச் சாறு ரத்தம் உறைவதைத் தள்ளிப்போடுமா என்று பார்ப்பது. ஒருவரிடமிருந்து ரத்தம் எடுத்து, உறையாமல் காக்கும் உப்பு போட்ட குழாயில் பிடித்து, சுற்றவிட்டு, மேலே தெளிகிற பிளாஸ்மாவைத் தனியே எடுக்க வேண்டும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி, உறைய வைக்கும் மருந்தை ஊற்றி, குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். எத்தனை வினாடியில் கட்டி விழுகிறது என்பதுதான் விடை. இப்போது உங்களுக்கு இதற்கெல்லாம் மெஷின் இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் அப்போது ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தது. அதுவும் ஆதிச்சநல்லூரில் தாழியோடு தோண்டி எடுத்ததுபோல இருக்கும். மற்றதெல்லாம் கையும் கண்ணும்தான்.

வாயும் உண்டு. கண்ணைக் குழாயைவிட்டு எடுத்தால் கட்டி விழும் கணம் தவறிவிடும் என்று எனக்கு ஒரு பயம். அதனால் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தாலும் அதைப் பார்க்காமல் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பேன். கடிகாரம் பொய் சொன்னாலும் நான் சொல்ல மாட்டேன் என்ற திமிர்.

அந்த எண்ணிக்கைக்கு ஒரே எதிரி ரோசாலி.

ரோசாலி எங்கள் ஆய்வகத்தின் உதவியாளர். குழாய் கழுவுவது, தண்ணீரைச் சூடு பார்த்து வைப்பது, விருந்தாளி வந்தால் டீ வாங்கி வருவது எல்லாம் அவள்தான். ஊர் புன்னைக்காயல். புருஷன் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர், வந்தால் வந்த மாதிரி, போனால் போன மாதிரி. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இதய வால்வு கெட்டுப்போய், அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருந்தார்கள். அது மூடும்போதெல்லாம் 'டிக்' என்று சத்தம் கேட்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்கும். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று வினாடியை எண்ணுவேன். அவள் நெஞ்சு அதைவிட வேகமாக டிக் டிக் என்று போகும். இரண்டு எண்ணுவதற்குள் அவளுடையது மூன்றாகிவிடும். என் எண்ணிக்கை குளறும்.

"ஏளா, நீ கொஞ்சம் அங்கன வராண்டாவுல போயி நில்லு. உன் நெஞ்சு என் கணக்கைக் கெடுக்குது" என்பேன்.

"என் நெஞ்சு என்ன பண்ணும் மேடம், அதை நிறுத்தினா நானும்லா நின்னுருவேன்" என்று சிரித்துக்கொண்டே போவாள். கோபமே வராது அவளுக்கு. அந்த வால்வில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும், ஆயுசுக்கும். அது எனக்குத் தெரியும். உடன் வேலை செய்யும் எல்லாருக்கும் தெரியும்.

இனி ரத்தம் எங்கே இருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அதில்தான் கதையே இருக்கிறது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம். சோதனைக்கு ரத்தம் தரும் மாணவர்களுக்கு ஆளுக்கொரு முந்திரி மக்ரூன் வாங்கித் தருவோம். தூத்துக்குடியில் மக்ரூனுக்கு ஆசைப்படாத பிள்ளை உண்டா? முதல் வாரம் வரிசையில் நின்றார்கள். அவர்கள் ரத்தத்தில் சாறு கலக்காமல் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அடிப்படை அதுதான். அடுத்த வாரம் தேர்வு விடுமுறை விட்டுவிட்டார்கள். ஒரு பிள்ளை கிடையாது. சாறு கலந்து பார்க்க வேண்டிய நேரத்தில் ரத்தம் இல்லை.

எங்களிடம் செல்வம் என்று ஒரு டெக்னீஷியன் இருந்தான். ஊசி குத்துவதில் கெட்டிக்காரன், குத்தினது தெரியாது. என்ன சொன்னாலும் செய்வான், எதுக்கென்று கேட்க மாட்டான். அவனிடம் நான் சொன்ன வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஏலே செல்வம், யார் ரத்தமாவது எடுத்துட்டு வா."

எடுத்து வந்தான். சாறு கலந்தேன். மருந்து ஊற்றினேன். எண்ணினேன். கட்டி விழவில்லை. மாணவர்கள் ரத்தம் உறைந்த நேரத்தைத் தாண்டிப் போனேன், விழவில்லை. அதன்மேலும் எண்ணினேன். கை வலிக்கச் சாய்த்தேன். வெகு நேரம் கழித்து மனசில்லாமல் ஒரு கட்டி விழுந்தது. மறுபடி செய்தேன். அதேதான். நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தேன் என்று சொன்னால் மிகை இல்லை. என் உடம்புக்குக் குதிப்பது என்பது என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சாறு கலக்காமல் அதே ரத்தத்தை ஒருமுறை பார்க்க வேண்டாமா என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. முதலாண்டு மாணவன்கூடக் கேட்பான். நான் கேட்கவில்லை. ரத்தம் ரத்தம்தானே, போன வாரம் பார்த்ததுதானே என்று விட்டுவிட்டேன். இரண்டாவது வாரமும் அப்படியே வந்தது, மூன்றாவதும். அதற்குள் நான் ஆய்வகத்தில் இருக்கவே இல்லை, மேடையில்தான் இருந்தேன். கருத்தரங்கு, மகளிர் குழு, உள்ளூர் கேபிள் டிவி. "வெந்தயம் ரத்தத்தை உறைய விடாது" என்று எங்கே போனாலும் முழங்கினேன். "குழாய்க்குள்" என்ற ஒரு வார்த்தையைச் சேர்க்க மறந்தேன். மறந்தேன் என்பதுகூடப் பொய். அந்த வார்த்தையைச் சேர்த்தால் கைதட்டு குறைகிறது என்று பார்த்தேன், விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு வாரம் திடீரென்று வெந்தயம் என்னைக் கைவிட்டது.

கட்டி சட்டென்று விழுந்தது. முதலில் நம்பவில்லை. அடுத்த வாரம் இன்னும் சீக்கிரம். அதற்கடுத்த வாரம் மாணவர்கள் ரத்தத்துக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. சாறு வெறும் தண்ணீர்போல ஆகிவிட்டது. நல்ல விஞ்ஞானி என்றால் இந்த இடத்தில் என்ன செய்வார்? உட்கார்ந்து யோசிப்பார். நான் ஆட்டோ பிடித்துப் பலசரக்குக் கடைக்குப் போனேன்.

கடைக்கார அண்ணாச்சி நிதானமான மனிதர். பழைய சரக்கைத் தள்ளிவிட்டுவிட்டார் என்று கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கக் கத்தினேன். "உங்க வெந்தயத்துல ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி, சத்தெல்லாம் போயிட்டு!"

அவர் கொஞ்சம் வெந்தயத்தை உள்ளங்கையில் எடுத்து, வாயில் போட்டு மென்று பார்த்தார். "கசக்குதேம்மா" என்றார்.

"கசந்தா போதுமா?"

"வெந்தயம்னா கசக்கணும். வேற என்ன செய்யணும்னு சொல்லுதீங்க?"

வேறு கடையில் வாங்கினேன். அதுவும் தோற்றது. ஊற வைக்கும் நேரத்தைக் கூட்டினேன், தண்ணீரை மாற்றினேன், தாமிரபரணித் தண்ணீர் வேண்டும் என்று ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கே கேன் அனுப்பினேன். அண்ணன் வயலில் நாற்றங்காலை விட்டுவிட்டு எனக்குத் தண்ணீர் பிடித்து அனுப்பினான். ஒன்றும் நடக்கவில்லை. செல்வத்தின் ஊசி இறங்குவது யார் கையில் என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

இந்த நிலைமையில் சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. என் ஆய்வைப் பெரிய திட்டமாக எடுக்கலாமா என்று நேரில் பார்க்க மூன்று பேர். அன்றைக்கு நான் பட்டுப் புடவை கட்டியிருந்தேன். ஆய்வகத்தில் பட்டு! தலையில் பூ வேறு. வெந்தயம் கடைசி நேரத்தில் மனம் மாறிவிடும் என்று ஏதோ ஒரு மூலையில் நம்பினேன். பொய் சொல்லக்கூடாது, வேண்டிக்கொள்ளவும் செய்தேன்.

குழுத் தலைவர் கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிக்கொண்டு அருகில் நின்றார். மின்விசிறியை நிறுத்தினோம். வெளியே துறைமுகம் போகும் லாரிகள்கூட அந்த நேரத்தில் ஓய்ந்திருந்தன. ரோசாலி என் பக்கத்திலேயே குழாய்த் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள், விருந்தாளிகள் முன்னால் அவளை வராண்டாவுக்கு விரட்ட முடியுமா? மருந்தை ஊற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு சீராக நான் வாழ்க்கையில் எண்ணியதே இல்லை. கட்டி விழுந்தது. சாதாரண ரத்தம் எப்போது உறையுமோ அப்போது.

"இது சாறு கலக்காத குழாயா?" என்று தலைவர் கேட்டார்.

"கலந்ததுதான் சார்" என்றேன்.

அவர் நாகரிகமானவர். "இன்னொரு தடவை செய்து பார்க்கலாமே" என்றார். நானும் அடுத்த குழாயை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. வெந்தயம் தோற்றதைப் பற்றிய கவலை ஒரு பக்கம் இருக்க, வேறு ஏதோ ஒன்று என்னைப் போட்டுக் குடைந்தது. என் எண்ணிக்கை ஏன் தப்பவில்லை? ரோசாலி ஒரு முழம் தள்ளி நிற்கிறாள். அறையில் ஒரு சத்தம் இல்லை. எண்ணிக்கை தப்பியிருக்க வேண்டுமே.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். உதடு லேசாக நீலம் பூத்திருந்தது. மூச்சு வாயால் போய் வந்துகொண்டிருந்தது.

அடுத்து நான் செய்ததைப் பற்றி அந்தக் குழு சென்னைக்குப் போய் என்ன சொல்லியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன். பட்டுப் புடவையோடு குனிந்து, ரோசாலியின் நெஞ்சில் காதை வைத்தேன். உள்ளே இதயம் ஓடுகிறது. அந்த டிக் இல்லை. எங்கோ அடியில், துணிக்குள் பொதிந்து வைத்ததுபோல ஒரு மங்கல் சத்தம். மூடித் திறக்கிற கதவு சத்தம் போடாவிட்டால் நடுவில் ஏதோ மாட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

"என்ன மேடம் இப்பிடி!" என்று அவள் கூச்சத்தில் நெளிந்தாள்.

"ஏளா, சத்தம் எங்க போச்சு?"

அவள் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை தாங்க முடியாதது. "கேக்கலைல்லா மேடம்? ரெண்டு நாளா குறைஞ்சிட்டு. உடம்பு சரியாயிட்டு வருது. கோயில்ல இப்பம் ஒரு பிள்ளையும் என்னைத் திரும்பிப் பாக்க மாட்டேங்கு."

பூசையில் எல்லாரும் அமைதியாக இருக்கும் நேரத்தில் அவள் நெஞ்சுச் சத்தம் கேட்டு முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்களாம். அது அவளுக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியாது. நானும்தானே அவளை வராண்டாவுக்கு விரட்டிக்கொண்டிருந்தேன்.

"மூச்சு வாங்குதா?"

"மாடி ஏறும்போது கொஞ்சம். தவக்காலம்லா, ஒருசந்தி பிடிக்கேன், ஒரு நேரச் சாப்பாடு. அதான். விருந்தாளி போகட்டும் மேடம், பொறவு பாப்போம்."

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் உடனே கிளம்பிவிடவில்லை. மூன்று பேரையும் பார்த்தேன், ஊற்ற வேண்டிய குழாயைப் பார்த்தேன், 'இந்த ஒன்றை மட்டும் முடித்துவிட்டு' என்று மனசு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு உங்களுக்கும் ஒருநாள் வரும். வந்தால் வெட்கப்படாதீர்கள், ஆனால் முடிக்கவும் செய்யாதீர்கள். குழாயைத் தண்ணீரில் போட்டுவிட்டு, "செல்வம், இவங்களுக்கு டீ வாங்கிக் கொடு" என்று சொல்லி, ரோசாலியின் கையைப் பிடித்து இறங்கினேன். குழுத் தலைவர் பின்னாலேயே ஏதோ கேட்டுக்கொண்டு வந்தார். எனக்குக் காதில் ஏறவில்லை.

ஆட்டோவில் கேட்டேன். "மாத்திரை போடுதியா இல்லியா?"

"அது நிறுத்தியாச்சே."

"என்னது?"

"வெந்தயம்தான் குடிக்கேன். ராத்திரி ஊறப் போட்டு, காலையில வெறும் வயித்துல. நீங்க செய்யுத மாதிரியே வடிகட்டி." ரகசியம் சொல்வதுபோல என் பக்கம் சாய்ந்தாள். "அந்த மாத்திரை போட்டா எங்க இடிச்சாலும் நீலமாயிருது மேடம். தெருவுல வீட்டுக்காரர் அடிக்காரான்னு கேக்காளுவ. பாவம், அந்த மனுசன் கடல்ல கெடக்கு. முருங்கைக்கீரை திங்கக்கூடாது, ஒருசந்தி பிடிக்கக்கூடாதுன்னு ஆயிரம் சட்டம். வெந்தயத்துக்கு ஒரு சட்டமும் கெடையாது."

"யாருளா உனக்கு இதைச் சொன்னது?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "நீங்கதான மேடம். டிவியில கூடச் சொன்னீங்களே. அதோட, நான் கண்ணால பாத்தேனே. உங்க குழாயில உறையவே இல்லையே."

அந்த ஆட்டோ பழைய பஸ் நிலையம் பக்கம் லாரிகளுக்கு நடுவே மாட்டி நின்றது. நான் டிரைவரைத் திட்டினேன், லாரிக்காரனைத் திட்டினேன், உப்பு ஏற்றி வந்த டிராக்டரைத் திட்டினேன். திட்ட வேண்டிய ஆள் அவர்கள் யாருமில்லை என்று எனக்குத் தெரியாமலில்லை.

மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர். என் மாணவன் வயதுதான் இருக்கும். எக்கோ பார்த்துவிட்டு வந்து, வால்வில் ரத்தம் கட்டி ஒரு பக்கம் அசையாமல் நிற்கிறது என்றார். கட்டியைக் கரைக்கும் மருந்தை உடனே ஏற்ற வேண்டும், அதில் வேறு இடத்தில், மூளையில்கூட, ரத்தம் கசியும் ஆபத்து உண்டு, ஏற்றாவிட்டால் வால்வு முழுக்க நின்றுவிடும் என்று ஒளிக்காமல் சொன்னார். ரோசாலியின் கையைத் திருப்பி நரம்பு தேடினவர் நிறுத்தினார்.

"இங்க இத்தனை ஊசித் தழும்பு எப்படி வந்துச்சு? வாரா வாரம் யார் ரத்தம் எடுத்தது?"

"மேடத்துக்குத்தான்" என்றாள் ரோசாலி பெருமையாக. "லீவுல பிள்ளைக இல்லைன்னு நான்தான் செல்வத்துகிட்ட கையை நீட்டினேன். பொறவு அதுவே வழக்கமாயிட்டு. மேடம் ஆராய்ச்சி நின்னுறக்கூடாதுல்லா. மக்ரூன்கூட வாங்கலை."

டாக்டர் என்னைப் பார்த்தார். எல்லாம் ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் உட்கார்ந்தது. முதல் வாரங்களில் என் குழாயில் கட்டி விழாமல் காத்தது வெந்தயம் இல்லை. ரோசாலி போட்டுக்கொண்டிருந்த மாத்திரை. அவள் மாத்திரை செய்த வேலைக்கு நான் வெந்தயத்தின் பெயரை வைத்தேன். அந்தப் பெயரை நம்பி அவள் மாத்திரையை நிறுத்தினாள். நிறுத்தியதும் அவள் ரத்தம் எல்லார் ரத்தத்தையும்போல உறைந்தது. வாரா வாரம் அவள் உடம்பு என் குழாயில் ஏறி நின்று, ஆபத்து, ஆபத்து என்று கத்தியிருக்கிறது. நான் அண்ணாச்சி கடைக்குச் சண்டைக்குப் போனேன்.

கையெழுத்துப் போட வேண்டும். புருஷன் நடுக்கடலில். நினைவோடு இருப்பதால் அவளே போடலாம் என்றார் டாக்டர். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரோசாலி என்னைப் பார்த்தாள்.

"மேடம், நீங்க என்ன சொல்லுதீங்க? போடட்டா? இல்ல வெந்தயத்தையே இன்னும் ரெண்டு நாள் பாப்பமா?"

இருபது வருஷத்துக்கும் மேல் கரும்பலகை முன்னால் நின்றவள் நான். கேள்வி என்று ஒன்று வந்தால் பதில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வாய் திறந்துவிடும். அன்றைக்கும் திறந்தது. "போடு, ஒண்ணும் ஆகாது" என்று நாக்கு நுனி வரை வந்தது. ஒன்றும் ஆகாது என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னை நம்பித்தானே இந்தக் கட்டிலில் வந்து படுத்திருக்கிறாள்.

"எனக்குத் தெரியாதுளா" என்றேன். "வெந்தயத்தைப் பத்தி நான் சொன்னது தப்பு. உன் மாத்திரைதான் குழாயில வேலை பாத்திருக்கு. நான் அதைக்கூடப் பாக்காம பேசிட்டேன். இதுக்கு என்னைக் கேக்காத. இவரைக் கேளு. புரியிற வரைக்கும் கேளு."

அவள் என்னைப் பார்த்தாள். நம்பாதவள் பார்வை இல்லை அது. நம்பின பொருள் கைதவறி விழுந்ததைப் பார்ப்பவள் பார்வை. அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "மூளையில கசிஞ்சா பேச்சு போயிருமா சார்?" என்று தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்தப் பையன், தப்பு, அந்த டாக்டர், எரிச்சல் காட்டாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஓரிடத்தில் "அது எனக்கு உறுதியாத் தெரியாதும்மா" என்றுகூடச் சொன்னார். எவ்வளவு எளிதாகச் சொல்கிறார் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ரோசாலி கையெழுத்துப் போட்டாள்.

மருந்து ஏறியது. நான் வெளியே பெஞ்சில் வாடிய பூவும் பட்டுமாக உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு அம்மாள் என்னைக் கல்யாண வீட்டிலிருந்து ஓடி வந்தவள் என்று நினைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

கட்டி கரைந்தது. ரோசாலி பிழைத்தாள். இதில் என் திறமை எள்ளளவும் இல்லை. என் காது மட்டும் கொஞ்சம் உதவியது, அதுவும் அவள்மேல் எரிச்சல்பட்டுப் பழகிய காது என்பதால்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னைக் குழு திட்டத்தைத் தரவில்லை, நல்ல வேளை. போன மேடைகளுக்கெல்லாம் மறுபடி போய், நான் சொன்னது தப்பு, யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொன்னேன். முதல்முறை வந்த கூட்டத்தில் பாதிகூட வரவில்லை. வந்தவர்களைப் பார்த்து, வராதவர்களுக்கும் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அண்ணாச்சி கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அரைக் கிலோ வெந்தயத்தைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்து, "இதைக் குழம்புல போடுங்கம்மா, நல்லா வேலை செய்யும்" என்றார். செல்வத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. யார் ரத்தமாவது என்று கேட்டவளுக்கு யாருடையதோ ஒன்றை எடுத்துக் கொடுத்தான், அவன்மேல் என்ன தப்பு?

ரோசாலி வேலைக்குத் திரும்பி வந்த அன்று நான் அதே சோதனையைத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன். இந்த முறை ஒரே ஆளின் ரத்தத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் சாறு, ஒன்றில் வெறும் தண்ணீர். ரத்தம் என்னுடையது, செல்வம் எடுத்தது. உங்களுக்கு விடை வேண்டுமென்றால், இரண்டு குழாய்க்கும் ஏதோ சின்ன வித்தியாசம் தெரிந்தது. அது ஒரு மனிதரின் உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. இப்போது இந்த வாக்கியத்தைத் திக்காமல் சொல்லப் பழகிவிட்டேன்.

மருந்தை ஊற்றப் போகும் நேரம் ரோசாலி பழைய வழக்கப்படி தட்டை வைத்துவிட்டு வராண்டாவுக்கு நடந்தாள். கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது. முழங்கையில் ஒரு நீலக் கன்றல், எங்கோ இடித்துக்கொண்டது. மாத்திரை போடுகிறாள் என்று அதைப் பார்த்தே தெரிந்தது.

"ஏளா, எங்க போற?"

"உங்க கணக்கு கெட்டுரும்லா மேடம்."

"கெடட்டும். இங்கன வந்து நில்லு. இன்னும் கிட்ட வா."

மின்விசிறியை நிறுத்தினேன். மருந்தை ஊற்றி, குழாயைச் சாய்த்து, வாய்க்குள் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பக்கத்தில் டிக், டிக், டிக், டிக். ஐந்தா, ஆறா என்று தெரியவில்லை. அந்தக் குழாயைக் கீழே வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்து, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.